பீளமேட்டுக்கு மேலே எத்தனை மாடி?

கேள்வி: கோவை பீளமேட்டில் கிளம்பும் விமானம் வளிமண்டலத்தின் எந்த அடுக்கில் பறக்கிறது? அதற்கு மேலே என்ன?

பதில்: அது பறப்பது முதல் மாடியான கீழடுக்கில்தான். கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜெட் விமானங்கள் 10 முதல் 12 கி.மீ. வரை ஏறும். துருவப் பகுதியில் கீழடுக்கு 8 கி.மீ. அளவிலேயே முடிந்துவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய கொங்கு நாட்டிலோ, சூடான காற்று மேலே பொங்குவதால், அது 16, 17 கி.மீ. வரை நீள்கிறது.

இந்த அடுக்கில் ஒரு கி.மீ. ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் கோவைக்காரர்கள் ஸ்வெட்டர் தேடுவது அதனால்தான். கீழடுக்கின் உச்சியில் குளிர் மைனஸ் 80 டிகிரியைத் தொடும். வெயில் ஊரின் தலைக்கு மேலே, அதே உயரத்துத் துருவக் காற்றைவிடக் கடும் குளிர்!

அதற்கு மேல் 50 கி.மீ. வரை மீள் அடுக்கு. ஓசோன் புற ஊதாக் கதிரை விழுங்குவதால் இங்கே ஏற ஏறச் சூடு கூடும். அடுத்து, சுமார் 85 கி.மீ. வரை இடையடுக்கு, விண்கற்கள் பெரும்பாலும் எரிவது இங்கேதான். பிறகு வெப்ப அடுக்கு. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் இதற்குள்தான் சுற்றுகிறது. 600 கி.மீ.க்கு மேல் வெளியடுக்கு. அங்கே காற்று மெலிந்து மெலிந்து விண்வெளியில் கலந்துவிடுகிறது.