மாடி போர்ஷன் மதுரைக்காரர்

மதுரையில் அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் மாடி போர்ஷன் வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இந்த வெளிநாட்டுக்காரரைத் தெரிந்திருக்கும். அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்புக்கு வந்திருப்பார். அல்லது அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வந்திருப்பார். இரண்டும் இல்லையென்றால் ஏதோ ஆராய்ச்சி. கேட்டால் விளக்குவார்; கேட்காமல் இருப்பது நல்லது. வந்து இறங்கியபோது தோளில் ஆளுயரப் பை, பாக்கெட் வைத்த அரைக்கால் சட்டை. ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால் பாக்கெட்டுக்கு வரிசையில் நிற்பார். அவருக்குப் பின்னால் அரைக்கால் சட்டையோடு நிற்பவர் வீட்டு ஓனர்.

மதுரைக்கு வந்து உடையை மாற்றிக்கொள்வது புதிய வழக்கம் அல்ல. 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறியது இங்கேதான். அவருக்கு முந்நூறு வருஷம் முந்தியே, 1606-ல் வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டிக்கொண்டார். அவர் வந்து தங்கியது கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியாரோடு. பெர்னாண்டஸ் மாமிசம் சாப்பிடுகிறவர். புதிதாக வந்தவரோ சைவத்துக்கு மாறினார், சந்நியாசி கோலம் பூண்டார், கடைசியில் தனி வீடே பார்த்துக்கொண்டு போய்விட்டார். பெரியவருக்குப் பொறுக்குமா? 1610-ல் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். விவகாரம் கோவா, ரோம் என்று சுற்றி, 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் சொன்ன தீர்ப்போடுதான் ஓய்ந்தது. மதுரையின் முதல் சர்வதேச ரூம்மேட் சண்டை இதுதான் என்பது என் துணிபு.

இன்றைய சண்டைகள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஓனரம்மாவோடு முடிந்துவிடும்.

மாடியில் மூன்று பேர், மூன்று நாடு என்று வையுங்கள். ஒருவர் அமெரிக்கர், ஒருவர் போலந்துக்காரர், ஒருவர் தென்கொரியர். ஃபிரிட்ஜ் ஒன்று. போலந்துக்காரர் முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் புளிக்க வைத்திருப்பார். கொரியரும் முட்டைக்கோஸைத்தான் மிளகாய்ப் பொடி போட்டுப் புளிக்க வைத்திருப்பார். ஒவ்வொருவருக்கும் மற்றவருடைய டப்பா நாறும். போலந்து ஆங்கிலம் கொரியருக்குப் பிடிபடாது. கொரிய ஆங்கிலம் போலந்துக்காரருக்குப் பிடிபடாது. ஆனால் இருவரும் தமிழ் படிக்க வந்தவர்கள். ஆகவே சண்டை முழுக்கத் தமிழில் நடக்கும்.

"ஏங்க, உங்க டப்பாவ அங்கிட்டு வைங்கன்னு எத்தனவாட்டி சொல்றது?"

"என்னைய என்னாங்கிறீங்க இப்ப? மொதல்ல தண்ணிக் கேனு மாத்துனது யாரு?"

அமெரிக்கர் நடுவில் நின்று "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்பார். சத்தம் கேட்டு மேலே வரும் ஓனரம்மா இரண்டு டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் முட்டக்கோசுதான தம்பி, இதுக்கா இந்தக் கூத்து?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுவார். அவர் வீட்டு ஜாடியில் இருக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கு வயது இரண்டு.

ஓனருக்கு இதிலெல்லாம் தலையிட நேரம் இல்லை. அவருக்கு ஃபார்ம் வேலை இருக்கிறது. வெளிநாட்டுக்காரரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களை ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். முதல் முறை பெங்களூர் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் செய்தவர், இப்போது தெருவில் உள்ள மற்ற ஓனர்களுக்கும் அவரே ஏற்றிக் கொடுக்கிறார். வாக்கிங் போகும் இடத்தில் அவருக்கு 'விசா ஆபீசர்' என்று பெயர்.

குடியிருப்பவருக்கும் தெருவில் ஒரு பதவி கிடைத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் ஏரியாக்களின் பட்டியலைப் பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரே ஆள் அவர்தான். "அம்மா, நாளைக்கு ஷட்டவுன். இன்னைக்கே மோட்டார் போட்டுருங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் தெரு விழித்துக்கொள்ளும். ஆடி மாதம் கோயில் குழாய் ஸ்பீக்கர் விடிகாலையில் அலறத் தொடங்கும்போது முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். இரண்டாவது வாரம், நேற்றுப் போட்ட பாட்டை இன்று ஏன் போடவில்லை என்று விசாரிப்பார்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓனரம்மா மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டால் படம் எடுக்காமல் தாண்டமாட்டார். பத்து ரூபாய்க்காக ஆட்டோக்காரரோடு கொள்கை ரீதியாக அரைமணி நேரம் பேசுவார். இறங்கும்போது "டீ சாப்பிடுங்கண்ணே" என்று ஐம்பது ரூபாய் கொடுப்பார். ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் குறைந்துவிட்டது என்று மதுரையிலேயே பிறந்தவரிடம் அங்கலாய்ப்பார். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஆள் மாறிவிடுவார். சனி, ஞாயிறு வீட்டில் இருப்பதை அவர் மானக்கேடாக நினைக்கிறார். கொடைக்கானலுக்கு ஆரப்பாளையத்தில் ஏற வேண்டும், திருச்சிக்கு மாட்டுத்தாவணியில் ஏற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்த பாக்கியைச் செக் மாதிரி பத்திரப்படுத்தி, வத்தலக்குண்டில் வண்டி நிற்கும்போது வசூலித்துவிடுவார். நாம் அந்த டிக்கெட்டைப் பாக்கெட்டோடு துவைத்துவிடுகிற சாதி.

ராமேஸ்வரம் போய் வந்தால் சொல்லவே வேண்டாம். 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தார்கள், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும் என்று கையை உயர்த்திக் காட்டி ஓனருக்கு விளக்குவார். ஓனர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஓனர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்.

சித்திரைத் திருவிழாவின்போது அழகர் ஆற்றில் இறங்குவதை ஓனரம்மா குடும்பத்தோடு டிவியில் நேரலையாகப் பார்ப்பார். கூட்டத்தில் யார் போய் நசுங்குவது? அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு விடிகாலையில்தான், "ஏங்க, அங்க பாருங்க, நம்ம மாடித் தம்பி!" என்று அலறினார். வைகை மணலில், தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவே, தொப்பலாக நனைந்து கோவிந்தா போட்டுக்கொண்டு நின்றவர் சாட்சாத் போலந்துக்காரர். அன்றைக்குக் காலை இட்லி மாடிக்கு இலவசமாகப் போனது.

உச்சகட்டம் சமணர் மலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் ஓனரைத் தன் வாடகை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனார். அறுபதைத் தாண்டிய ஓனர் பிறந்தது சிம்மக்கல். தேனிக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்ததோடு சரி. தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் தாண்டிப் படியேறி, பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரர்களையும் அவர்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்தையும் காட்டி, "இது ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும் சார்" என்றார் மாடிக்காரர். ஓனர் அதை விட்டுவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற கவலை. திரும்பி வந்து வீட்டில் சொன்னது: "நானெல்லாம் அந்தக் காலத்துலயே பாத்ததுதான்."

படிப்பு முடிந்ததும் குக்கர், மெத்தை, பாதித் தண்ணிக் கேன் எல்லாவற்றையும் அடுத்தவருக்கு விட்டுவிட்டு இவர் கிளம்பிவிடுவார். ஓனர் அடுத்த ஃபார்மைத் திறப்பார்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில்தான் கீழக்குயில்குடி. வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள், வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். அந்த மலையில் உள்ள செட்டிப்புடவு குகைக்கு வழி தெரியவில்லையென்றால் கவலை வேண்டாம். வேட்டியை மடித்துக் கட்டிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் அங்கே இருப்பார்; அவரைக் கேளுங்கள்.