பேரீச்சம்பழத்துக்குப் போன கல்

1994 கோடை விடுமுறை. தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. காணையில் எங்கள் தெருவுக்குள் மத்தியான வெயிலில் ஒரு சைக்கிள் வரும். கேரியரில் சாக்கு, முன்னால் கூடை, கூடைக்குள் பிசுபிசுவென்று பேரீச்சம்பழம். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்ற குரல் தெருமுனையில் கேட்டதுமே, வீட்டில் உடைந்தது ஓட்டையானது எல்லாவற்றையும் தேடத் தொடங்கிவிடுவோம்.

அந்த வாரம்தான் சித்தப்பா சென்னையிலிருந்து நான்ஸ்டிக் தவா வாங்கி வந்திருந்தார். பளபளவென்று, ஒரு கையால் தூக்கும்படி இருந்தது. அதைப் பார்த்தபின் ஆயாவின் தோசைக்கல் அம்மாவுக்குப் பாரமாகத் தெரிந்தது. ஆயா அத்தையைப் பார்க்கத் திண்டிவனம் போயிருந்தாள். "எடுத்துக் குடுத்துடு" என்றாள் அம்மா. நான்தான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனேன். சைக்கிள்காரர் கல்லின் காதில் தராசுக் கொக்கியை மாட்டினார். மூன்றரை கிலோ. "வெறும் இரும்புப்பா, பித்தளைன்னா சேத்துத் தரலாம்" என்று சொல்லி, செய்தித்தாளில் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். வாசற்படி ஏறுமுன் பாதி தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஆயா வந்தாள். அடுப்படியைப் பார்த்தாள். திட்டவில்லை. கேட்டது ஒன்றுதான்: "எடைக்கா போட்டீங்க?"

தவாவின் பூச்சு இரண்டு வருஷத்தில் உரிந்தது. ஆயாவின் கேள்வி புரிய எனக்கு முப்பது வருஷம் ஆனது.

புரிந்தபின் அதே மாதிரிக் கல்லுக்காக அலைந்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருப்பதுபோல் பழம்பொருள் கடைகள் இன்று பல ஊர்களிலும் வந்துவிட்டன. அப்படி ஒரு கடையில் தோசைக்கல்லை ஆணியடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். விலை 4,500 ரூபாய். "வெள்ளைக்காரன் காலத்துது சார், பரங்கிப்பேட்டை இரும்பு" என்றார் கடைக்காரர். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை இருந்தது நிஜம்தான். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் தொடங்கியது. சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து, கரி போட்டு உருக்கினார்கள். அந்த இரும்பு இங்கிலாந்துவரை கப்பலேறியது. ஆனால் சுவரில் மாட்டியிருந்த கல்லில் பெயர் இல்லை, ஊர் இல்லை, வருஷம் இல்லை. அது அங்கே வார்த்தது என்பதற்குக் கடைக்காரர் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அமெரிக்காவில் ஈரி நகரத்து கிரிஸ்வோல்ட் ஆலை வார்த்த சட்டிகளின் அடியில் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். அந்த ஆலை 1957இல் மூடப்பட்டது. பொறித்த எழுத்தின் வடிவத்தை வைத்தே எந்தக் காலத்துச் சட்டி என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே வயசுக்குக் காசு கேட்பதில் நியாயம் உண்டு. நம் ஊர்க் கல்லில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. கல்லைத்தான் பார்த்து விலை சொல்லவேண்டும்.

பார்ப்பது எப்படி? காதைப் பிடித்துத் தூக்கி, விரல் மடக்கித் தட்டவேண்டும். நல்ல கல் மணிபோல நீளமாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஓட்டைப் பானைச் சத்தம் வரும். வார்ப்பிரும்பில் கரி நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருப்பதால் அது வளையாது, உடையும். விரிசல் விட்ட கல்லுக்கு எடை விலைக்கு மேல் ஒரு பைசா தரக்கூடாது. அடுத்து, சமதரையில் வைத்து ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றவேண்டும். தண்ணீர் ஒரே ஓரத்துக்கு ஓடினால் கல் கோணியிருக்கிறது. மாவும் அப்படித்தான் ஓடும். துருவுக்குப் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். துரு அரித்த குழிகள் போகாது, அவற்றுக்கு விலையைக் குறைக்கலாம். கடைசியாக உள்ளங்கையால் தடவவேண்டும். புதுக்கல்லில் வார்ப்பு மணலின் சொரசொரப்பு இருக்கும். பழைய கல்லைத் தோசைத்திருப்பி வருஷக்கணக்கில் இழைத்திருக்கும். எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்போடு இரும்பாகப் படிந்த கறுப்புதான் தோசையை ஒட்டாமல் எழுப்புகிறது.

இரும்பையும் வார்க்கிறோம், தோசையையும் வார்க்கிறோம். முதல் வார்ப்பு பட்டறையில் ஒரு நாளில் முடிந்துவிடும், அதைத் தராசில் நிறுக்கலாம். அதன் மேல் ஒரு பெண் காலையும் இரவுமாக வார்த்த ஆயிரக்கணக்கான தோசைகளை எந்தக் கொக்கியில் மாட்டி நிறுப்பது? ஆயா கேட்டது அதைத்தான்.

போன வருஷம் விழுப்புரத்தில் ஒரு காயலான் கடையில், உடைந்த பம்புக்கு அடியில் ஒரு கல் கிடந்தது. தட்டினேன், ஒலித்தது. தண்ணீர் நடுவில் நின்றது. மேலே துரு, குழி இல்லை. "மூணு கிலோ இருநூறு, கிலோ நாப்பது ரூபா, நூத்தி இருபத்தெட்டு குடுங்க" என்றார் கடைக்காரர். புதுக்கல் கடைத்தெருவில் 1,400 ரூபாய். எடை விலைக்குக் கீழே போகக்கூடாது, புதுக்கல் விலைக்கு மேலே போகக்கூடாது என்பது என் கணக்கு. துரு எடுத்துப் பழக்கும் வேலை என்னுடையது, இழைத்துக் கொடுத்த வேலை முகம் தெரியாத யாரோ ஒரு அம்மாவுடையது. இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்து, புதுக்கல்லின் பாதி விலையாக 700 கொடுத்தேன். "எதுக்குண்ணே இவ்ளோ?" என்று அவர் நோட்டைப் பிடித்தபடியே நின்றார். "எடைக்கு வேணாம், கல்லுக்கு வச்சுக்குங்க" என்றேன்.

துருவைத் தேய்த்தெடுத்தேன். மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, அரை வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினோம். முதல் மூன்று தோசை பிய்ந்தது. நான்காவது ஓரம் தானாகவே எழும்பியது. அம்மா அதைத் திருப்பிப் போட்டாள். அடியில் பொன்னிறம்.

"எவ்ளோ குடுத்த?"

"எழுநூறு."

"எடைக்கா?"

"இல்லம்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கரண்டி மாவை நடுக்கல்லில் ஊற்றி, ஆயா இழுப்பதுபோலவே மெதுவாக வட்டம் இழுத்தாள்.