ஓய்வியர்

ஓய்வு பெற்ற கையோடு ஓவியராகிவிடுகிறவர்களுக்குத் தமிழில் தனிப்பெயர் கிடையாது. அகராதிக்காரர்கள் காலம் தாழ்த்துவதால் நானே ஒன்று வைத்துவிட்டேன்: ஓய்வியர். இப்போதெல்லாம் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். எங்கள் நங்கநல்லூர் அடுக்ககத்தில் இரண்டாம் மாடிக்காரர் அந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. 36 வருஷம் மத்திய அரசில் தணிக்கை அதிகாரியாக இருந்து, அடுத்தவர் கணக்கில் பிழை கண்டுபிடித்தவர்.

ஓய்வியர் ஆசைப்பட்டு ஓவியராவதில்லை, டாக்டர் அனுப்பிவைக்கிறார். ரத்த அழுத்தம் 150-க்கு 95 என்று காட்டியதும், "மனசை லேசா வச்சுக்கிற மாதிரி ஏதாவது பண்ணுங்க சார்" என்றாராம். நடைப்பயிற்சிக்குத் தெருநாய்கள் ஆட்சேபம் தெரிவித்தன. யோகாவுக்கு முழங்கால் ஒத்துவரவில்லை. ஓவியம் என்றால் உட்கார்ந்தே செய்யலாம். தலைக்கு மேல் மின்விசிறியும் உண்டு.

முன்னுதாரணம் இல்லாமல் எந்தக் கோப்பையும் நகர்த்தாத மனிதர். ஆகவே முதல் ஒரு மாதம் தூரிகையைத் தொடாமல் முன்னுதாரணம் தேடினார். சர்ச்சில் கிடைத்தார். 1915-இல் டார்டனெல்ஸ் படையெடுப்பு சொதப்பிப் பதவி போனபோது, 40 வயதில் வரையத் தொடங்கியவர் அவர். தாகூர் கிடைத்தார். அறுபதைத் தாண்டி ஓவியத்தில் இறங்கி, 1930-இல் பாரிஸில் கண்காட்சியே வைத்தவர். கையெழுத்துப் பிரதியில் அடித்தல் திருத்தல் செய்த இடங்களைக் கோடுகளால் இணைத்து இணைத்துத்தான் தாகூர் ஓவியத்துக்குள் வந்தார் என்று படித்ததும் நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், நானும் 36 வருஷம் அடித்தல் திருத்தல் தவிர வேற எதுவும் பண்ணினதில்ல. என்ன, நான் பண்ணினது அடுத்தவங்க எழுதினதுல!"

எல்லோருக்கும் மேலே மோசஸ் பாட்டி. எழுபது வயசுக்கு மேல் முழுமூச்சாக வரைய ஆரம்பித்து 101 வயது வரை இருந்த அமெரிக்க விவசாயக் குடும்பத்துப் பாட்டி. சர்ச்சில் 90, தாகூர் 80. மத்திய அரசு ஓய்வூதியக்காரருக்கு 80 வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். நூறு முடிந்தால் இரட்டிப்பு. ஓய்வியர் பென்சிலால் எடுத்த முதல் படைப்பு இந்தக் கணக்குதான்.

பிறகு கொள்முதல். புதிதாக வரைய வருகிறவருக்கு என்ன வேண்டும்? சிவப்பு, மஞ்சள், நீலம். உருண்டைத் தூரிகை இரண்டு, பட்டைத் தூரிகை ஒன்று. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள். அவ்வளவுதான். ஓய்வியர் 48 நிறம் வாங்கினார். தூரிகை பூஜ்யம் நம்பரிலிருந்து 24 வரை, இடையில் ஒன்று விடாமல். கணக்கில் இடைவெளி இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. இதில் 'கேமல் ஹேர்' தூரிகை ஒட்டக முடியில் செய்வதல்ல, பெரும்பாலும் அணில் வால் முடி என்று எவனோ சொல்லிவிட்டான். பில்லில் ஒட்டகம், கையிருப்பில் அணில்! மறுநாளே கடைக்குப் போய் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டார். கடைப் பையன் ஒட்டகத்தையும் பார்த்ததில்லை, இப்படி ஒரு வாடிக்கையாளரையும் பார்த்ததில்லை.

தூரிகைக்குத் தாராளமாகச் செலவழித்தவர் தாளில் சிக்கனம் பிடித்தார். ஒருபக்கம் அச்சான பழைய அலுவலகத் தாள்களின் பின்பக்கம்தான் களம். அதில் நீர்வண்ணம் பட்டால் என்ன ஆகும்? பொரித்த அப்பளம்தான். அவர் வரைந்த முதல் கடலில் அலைகள் தத்ரூபமாக எழும்பி நின்றன. அதற்குக் காரணம் தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அடிவானத்துக்குக் கீழே 'பயணப்படி நிலுவை' என்று தலைகீழாகத் தெரியும்.

நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் பூசுவதில்லை. மேகமோ, நுரையோ, வெள்ளை வேட்டியோ வேண்டுமென்றால் அந்த இடத்தில் தாளைச் சும்மா விட வேண்டும். எந்த ஆசிரியரும் முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் இது. ஓய்வியரால் மட்டும் முடியவில்லை. காலி இடத்தைப் பார்த்தாலே அவர் கை பதறும். பில்லில் காலியிடம் விட்டால் பின்னால் எவனாவது ஒரு பூஜ்யம் சேர்த்துவிடுவான் என்று வாழ்நாளெல்லாம் குறுக்குக்கோடு இழுத்த கை அது. ஆகவே அவர் வானத்தில் மேகம் கிடையாது. இருக்கிற நிறங்களையெல்லாம் கலந்து காலியிடம் முழுக்கப் பூசுவார். எல்லா நிறத்தையும் கலந்தால் ஒரே நிறம்தான் வரும். அதை அவர் பர்ன்ட் சியன்னா என்கிறார். எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர். மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

நீர்வண்ணம் சரிப்படவில்லை என்றதும் பாப் ராஸிடம் சேர்ந்தார். சுருட்டை முடியும் தாடியுமாக, அரைமணி நேரத்துக்குள் ஒரு மலையையும் ஏரியையும் முடித்துக் காட்டிய அமெரிக்கத் தொலைக்காட்சி ஓவியர். 1983 முதல் 1994 வரை 403 பகுதிகள். நம்மவர் 403-ஐயும் வரிசையாகப் பார்த்து, தேதி போட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். ராஸின் வித்தை, காயாத எண்ணெய் வண்ணத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தை ஏற்றுவது. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும் என்பதால் அது நடக்கிறது. ஆனால் டர்பன்டைன் வாசனை வீட்டம்மாளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனவே ஓய்வியர் அதையே அக்ரிலிக்கில் செய்தார். மே மாதம், மின்விசிறி ஐந்தில். வண்ணம் தூரிகையை விட்டு இறங்குவதற்குள் காய்ந்துவிட்டது. "ஃபேனை நிறுத்து! ஃபேனை நிறுத்து!" என்ற அலறல் எங்கள் மாடி வரை கேட்டது. பாப் ராஸ் 20 வருஷம் விமானப்படையில் கத்திக் கத்தி அலுத்துப்போய், இனி குரலை உயர்த்துவதில்லை என்று முடிவெடுத்தவர். சீடர் அந்த இடத்தை மட்டும் குறித்துக்கொள்ள விட்டுவிட்டார்.

ராஸ் அலாஸ்காவில் இருந்தார், பனிமலை வரைந்தார். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் பரங்கிமலை தெரிகிறது. அதை வரையுங்களேன் என்றேன். "அதுல பனி இல்லையே சார்" என்றார். ஆனால் எந்தப் பனிமலையில் தொடங்கினாலும் அவர் கை கடைசியில் மூன்றாம் வகுப்புக்குத்தான் திரும்புகிறது: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கி வரும் ஆறு, ஒரு குடிசை, சாய்ந்த தென்னை. அலாஸ்காவில் தென்னை எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பறவைகள் மட்டும் அற்புதம். டிக் மார்க் போல நாலைந்து. கொஞ்சமும் நடுங்காத கோடு. 36 வருஷப் பயிற்சி வீண் போகுமா?

பதிவேடு என்றேன் அல்லவா? அதில் வண்ணக் குழாய்களின் தொடக்க இருப்பு, செலவு, இறுதி இருப்பு எல்லாம் உண்டு. சென்ற காலாண்டில் வெள்ளையில் குறைவு தென்பட்டது. மேகமே வரையாத வீட்டில் வெள்ளை எப்படிக் குறையும்? இரண்டாம் வகுப்பு படிக்கும் பேரனிடம் எழுத்துமூலம் பதில் கேட்கப்பட்டது. "ஷூவுக்குப் போட்டேன் தாத்தா" என்று பதில் வந்தது. அந்த வீட்டில் அந்தக் காலாண்டில் வண்ணம் உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

வீட்டம்மாள் பொறுமைசாலி. தாய்வீட்டுச் சீராக வந்த, தகப்பனார் பெயர் பொறித்த எவர்சில்வர் டவராவில் தூரிகை கழுவுவதைக்கூடச் சகித்துக்கொண்டார். ஒருநாள் காலை வாசலில் 15 புள்ளிக் கோலம் போட்டு நிமிர்ந்தவரிடம், "இடது பக்கம் அரை இஞ்ச் கூடுது" என்று ஓய்வியர் சொன்னார். அந்த அம்மாள் அளந்து பார்க்கவில்லை. "உங்க சூரியன் ரெண்டு வாரமா உதிக்கவா மறையவான்னு தெரியாம நிக்குது. முதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று கோலப்பொடி டப்பாவை மூடினார்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். ஓய்வியர் தனியாக உட்கார்ந்திருந்தார். படம் எதுவும் வரையவில்லை. பிரஷ்யன் நீலம் தோய்ந்த தூரிகையை டவரா நீரில் மெல்ல வைத்து, நீலம் புகைபோலச் சுருண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீரைக் கொட்டிவிட்டு, புது நீர் ஊற்றி, மறுபடியும் அதையே செய்தார். பத்து நிமிஷம் இருக்கும். நெற்றிச் சுருக்கம் போயிருந்தது. டாக்டர் சொன்னது இதைத்தான் என்று தோன்றியது. கூப்பிட மனமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் பதிவேட்டில் 'பிரஷ்யன் நீலம், வீண் செலவு' என்று சிவப்பு மையில் ஏறியிருந்தது. இப்போது ரத்த அழுத்தம் 160.

இத்தனைக்கும் அவர் நல்ல மனிதர், அதுதான் ஆபத்து. படம் எதையும் விற்பதில்லை, பரிசளிக்கிறார். கல்யாணம், கிரகப்பிரவேசம், காதுகுத்து எதுவானாலும் சட்டம் போட்ட அலாஸ்கா வந்து இறங்கும். டாக்டருக்கும் ஒன்று போயிற்று; ஊசி போடும் அறையில் மாட்டியிருக்கிறார்கள். வாங்கி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் வரிசை எண் உண்டு. ஒவ்வொரு மார்ச் மாதமும் பதிவேட்டோடு வீடு வீடாக வந்து, படம் மாட்டியிருக்கிறதா, தூசி தட்டப்பட்டிருக்கிறதா, சூரிய வெளிச்சம் படுகிறதா என்று சரிபார்த்து டிக் அடித்துவிட்டுப் போகிறார். போன வருஷம் எங்கள் வீட்டு 14-ஆம் எண் ஆணியிலிருந்து இரண்டு அங்குலம் சாய்ந்திருந்தது. குறிப்பெழுதிவிட்டார்.

எங்கள் வீட்டில் இப்போது நான்கு இருக்கின்றன. அடுத்த மாதம் எனக்கு அறுபது முடிகிறது. விழாவுக்கென்று நான்கடிக்கு மூன்றடியில் ஒன்று தயாராகிறது என்று பேரன் வந்து சொல்லிவிட்டுப் போனான். எங்கள் வீட்டில் இனி ஆணி அடிக்க இடம் இல்லை. வாசகர்களில் யார் வீட்டிலாவது அந்த அளவுக்குச் சுவர் காலியாக இருந்தால் தெரிவியுங்கள். ஆட்டோ கூலி, ஆணி, சுத்தியல் எல்லாம் என் பொறுப்பு. மார்ச் மாதம் மட்டும் வீட்டில் இருங்கள், தணிக்கைக்கு வருவார்.