எட்டு மணி சீரியலுக்குக் கூலிங் கிளாஸ்

இந்தக் கோடையிலும் அதே கூத்துதான். கண்புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெரியவர் ராத்திரி எட்டு மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில், கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு சீரியல் பார்க்கிறார். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருமுனைக் கடைக்குக் கிளம்பும்போது அதையே கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறார். எதிரே வருகிறவர் யாரென்று தெரிய வேண்டாமா, லென்ஸ் வைத்ததே அதற்குத்தானே! இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புலம்புவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளும் வயது எனக்கும் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கட்சி இதுதான்: நம் ஊரில் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே கிடையாது. மொட்டை போட்டவர் தலையில் சந்தனம் மாதிரி, காரியம் முடிந்துவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். 

விசாரிக்க வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே கண்ணாடி மூக்கில் ஏறிவிடும். ஏறாவிட்டால் ஆப்பிள் வாங்கி வந்தவருக்கு மனசு ஆறாது. "என்னங்க, அதுக்குள்ள கழட்டிட்டீங்க?" என்று ஆரம்பித்து, தலைக்குக் குளித்தீர்களா, குனிந்தீர்களா, டிவி பார்க்கலாமா (டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கும்) என்று விசாரணை நீளும். பிறகு அவருடைய மச்சினர் கண்ணாடி போடாமல் ஒரே ஒரு நாள் வெளியே போனதில் என்ன ஆயிற்று என்ற சரித்திரம். வந்தவர் படியிறங்கியதும் கண்ணாடியும் இறங்கும். மூன்றாவது வாரம் அது பொதுச் சொத்தாகிவிடும். பேரன் பைக்கில் போகும்போது தூசிக்குப் போட்டுக்கொள்வான். பேத்தி அதை வைத்து செல்ஃபி எடுப்பாள். ஒரு காது ஒடிந்தால் நூல் சுற்றப்படும். நடுவில் கீறல் விழுந்து, பார்க்கிற எல்லாவற்றின் மீதும் ஒரு கோடு ஓடும். இவ்வளவுக்குப் பிறகும் அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. அடுத்த வருஷம் அதே தெருவில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், பிளாஸ்கோடும் தலையணையோடும் சேர்ந்து அதுவும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும். இத்தனை கைமாறினாலும் இடது மூலையில் ஒட்டிய 'யுவி 400' ஸ்டிக்கரை மட்டும் ஒருவரும் கிழித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஸ்டிக்கர் சொல்கிற விஷயம் நியாயமானதுதான். 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். அது உண்மையா என்று கண்ணாடியின் கறுப்பைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வெறும் பாலிகார்பனேட் கண்ணாடி நிறமே இல்லாமல் புற ஊதாவை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். அட்டைக் கறுப்பில் இருக்கும் மட்டமான பிளாஸ்டிக்கோ வெளிச்சத்தைக் குறைத்துக் கண்மணியை அகலத் திறக்கவைத்துவிட்டு, கதிரை உள்ளே விட்டாலும் விடும். விலையும் இதைச் சொல்லாது. மீட்டர் வைத்திருக்கிற கண்ணாடிக் கடையில் கொடுத்தால் சில நொடிகளில் சொல்லிவிடுவார்கள். ஆனால் கடைக்குப் போனால் நாம் கேட்பது "இதைவிடக் கறுப்பா இருக்கா?"

விவரம் தெரிந்தவர் இங்கே குறுக்கிடுவார்: "இப்போது வைக்கிற லென்ஸிலேயே புற ஊதாத் தடுப்பு இருக்கிறதே, அப்புறம் எதற்குக் கண்ணாடி?" நல்ல கேள்வி. நம்மோடு பிறந்த லென்ஸ்தான் அந்தக் கதிரில் பெரும்பகுதியை விழித்திரைக்குப் போகாமல் பிடித்துவைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு எதுவும் வைக்காத காலத்தில், 1923-இல் ஆபரேஷன் செய்துகொண்ட ஓவியர் மோனே எல்லாம் நீலமாகத் தெரிகிறதென்று புலம்பி நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டார். 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். அதில் புற ஊதாத் தடுப்பு சேர்ந்தது 1980-களில். 1992-இல் மதுரையில் அரோலேப் தொடங்கிய பிறகு லென்ஸ் விலையும் நமக்கு எட்டியது. ஆக, விழித்திரைக்கு உள்ளேயே ஒரு காவல் இருக்கிறது, சரி. கூச்சத்துக்கு? பல வருஷம் பழுப்பேறிய லென்ஸ் வழியாகப் பார்த்த கண்ணுக்குத் திடீரென்று வெள்ளை வேட்டிகூடச் சுள்ளென்று தெரியும். போதாததற்குத் தெருப்புழுதி, அரித்தால் தேய்க்கத் துடிக்கும் கை, புதுசாக ஆறிவரும் காயம். இமைத்தோலுக்கு எந்த லென்ஸும் காவல் இல்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் புற ஊதாக் குறியீடு 3-ஐ எட்டினாலே பாதுகாப்பு வேண்டும். நம் கோடை நண்பகலில் அது 11-ஐத் தாண்டுவது சகஜம். மெரினா மணலில் நின்றால் கீழேயிருந்தும் ஒரு பங்கு திரும்பி அடிக்கும். பக்கவாட்டை மறைக்கும் கண்ணாடியைக் கொடுப்பது இதற்காகத்தான்.

"சரி, வீட்டுக்குள்ளும் போட்டால் என்ன கெட்டுவிடப்போகிறது?" என்பது அடுத்த ஆட்சேபம். டாக்டர் போடச் சொன்ன முதல் சில நாள் போடட்டும், யார் வேண்டாமென்றது? அதற்குப் பிறகும் ராத்திரியில் கறுப்புக் கண்ணாடியோடு பாத்ரூம் போகிற எழுபது வயதுக்காரருக்கு நிலைப்படி தெரியாது. கண்ணைக் காப்பாற்றி இடுப்பை ஒடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, "வெயிலில் போகாமலே இருந்தால் போச்சு" என்பார்கள். இதைச் சொல்வது பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்கள். காய் விற்கிறவர் எத்தனை நாள் உள்ளே உட்காருவார்? சாலையை அகலமாக்க மரத்தை வெட்டியாயிற்று. பஸ் ஸ்டாப்பில் பளபளக்கும் எவர்சில்வர் கூரை போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அதன் தூணே கண்ணைக் குத்துகிறது, சாயங்காலமானால் நிழல் பின்னால் இருக்கும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'வெயிலில் அலையக் கூடாது' என்று எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு அடுத்த வரி: 'மறுபரிசோதனை, பகல் 12 மணி.'