நாய் வளர்க்கப் படிக்கிறேன்

அன்புள்ள அம்மா,

"நாயைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறியாமே, ஃபீஸ் எவ்வளவுடா?" என்று போனில் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அப்பா சிரித்தாரே, அவரிடம் சொல்லிவிடு: லட்டு மட்டுமில்லை, நானும்தான் போகிறேன்.

ஜெர்மனியில் எங்கள் ஹனோவர் இருக்கும் லோயர் சாக்சனி மாநிலத்தில் 2013 ஜூலையிலிருந்து இதுதான் சட்டம். முதல்முறையாக நாய் வளர்க்கிறவன் இரண்டு பரீட்சை தேறவேண்டும். எழுத்துப் பரீட்சை நாய் வாங்குவதற்கு முன்னால். செய்முறை, வாங்கிய முதல் வருஷத்துக்குள். உமாவைக் கட்டிக்கொடுக்கும்போது மாமா என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் பெண் குட்டி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாய்க்கு மட்டும் ராத்திரி விளக்கெரியப் படித்தேன். வால் விறைத்து, உடம்பு அசையாமல் நிற்கிற நாய் என்ன நினைக்கிறது? சரியான விடையைத் தேர்ந்தெடு. தெர்மோடைனமிக்ஸில் தொண்ணூறு வாங்கியவன் அம்மா நான்! குட்டி பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கேள்வி கேட்டாள். தப்பாகச் சொன்னால் உச்சுக்கொட்டினாள். அதெல்லாம் தேறியாகிவிட்டது. ஆறு மாசம் தாண்டிய நாய்க்குத் தோலுக்கடியில் சிப், இன்ஷூரன்ஸ் இரண்டும் கட்டாயம், அதுவும் ஆயிற்று. மிச்சம் செய்முறைதான். அதில்தான் லட்டு மானத்தை வாங்குகிறான்.

பத்து மாசத்து விடலை. வீட்டில் பரமசாது. தெருமுனையில் இன்னொரு நாயைப் பார்த்துவிட்டால் போதும், இரண்டு காலில் எழுந்து நின்று ஊரைக் கூட்டுகிறான். கோபமில்லையாம். ஓடிப்போய் விளையாடவேண்டும், கயிறு விடவில்லை என்கிற ஆத்திரமாம். நாம் பயந்து கயிற்றை இறுக்க இறுக்க அவனுக்கு வெறி ஏறுமாம். பயிற்சி கொடுக்கிற அம்மாள் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: நேருக்கு நேர் முகத்தில் போய் முட்டுவது நாய்களுக்குள் பெரிய மரியாதைக்குறைவு. நாகரிகம் தெரிந்த நாய் அரைவட்டமாக வளைந்து பக்கவாட்டில்தான் வரும். ஆகவே எதிரே நாய் தெரிந்தால், நானும் சாலையைக் கடந்து, புல்வெளியில் இறங்கி, வளைந்து நடக்கிறேன். கடன்காரனைப் பார்த்தவன் மாதிரி.

அவன் பார்த்ததும், ஆனால் குரைப்பதற்கு முன், வாயில் ஒரு துண்டு ஈரல் போடவேண்டும். ஈரலை வாங்கமாட்டேன் என்றால் கிட்டத்தில் வந்துவிட்டோம் என்று அர்த்தம், இன்னும் பின்வாங்கவேண்டும். கயிற்றில் இருக்கும்போது எந்த நாயோடும் குசலம் விசாரிக்க விடக்கூடாது. இதற்காக இடுப்பில் எப்போதும் ஒரு பை. ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் கிளம்பியபோது, உமா என் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏற்றினாள். பாட்டி இருந்திருந்தால் என்னைத் திண்ணையோடு நிறுத்தியிருப்பாள்.

அவிழ்த்துவிட்டு ஓடவிட்டால் பாதி கொழுப்பு அடங்கும். பக்கத்திலேயே ஐலன்ரீடே என்று 640 ஹெக்டேர் காடு, ஊருக்கு நடுவில். ஆனால் ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை காட்டில் நாய் கயிற்றில்தான் இருக்கவேண்டும். பறவை அடைகாக்கும், மான் குட்டி போடும் காலம். நியாயம்தான். லட்டுவுக்கு யார் சொல்வது? ஊரில் நம் நாய் மணி ஒரு பெல்ட்கூடப் போட்டதில்லை. எந்தத் தெருவில் எந்த நாயிடம் வாலை இறக்கவேண்டும் என்று அவனுக்கு யார் வகுப்பெடுத்தார்கள்?

ஒன்று சொல்லவேண்டும். வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் "ஹலோ"வுக்கு மேல் யாரும் என்னிடம் பேசியதில்லை. இப்போது பேசுகிறார்கள். பாதிப் பேர் திட்டுகிறார்கள், பாதிப் பேர் யோசனை சொல்கிறார்கள். மூன்றாம் மாடிக் கிழவர் தன் டாக்ஸ்ஹுண்டையும் இழுத்துக்கொண்டு, நாங்கள் பழகுவதற்காகவே தினமும் சாயங்காலம் எதிர்ச்சாரியில் நடந்து காட்டுகிறார். எல்லோருக்கும் லட்டுவின் பெயர் தெரியும். என் பெயர் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

செய்முறைப் பரீட்சை வருகிற வியாழக்கிழமை. சைக்கிள், ஓடுகிறவர்கள், மற்ற நாய்கள் எல்லாம் இருக்கும் தெருவில் நடத்திக் காட்டவேண்டும். அன்றைக்குப் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடு அம்மா. குருக்களிடம் லட்டு பேரைச் சொல்லிவைக்காதே, என் பேரும் நட்சத்திரமும் சொல். மார்க் போடப்போவது எனக்குத்தான்.

உன் அன்பு மகன்,
ரவி