ஆறுக்கு மேல் சின்ன இரண்டு

கேள்வி: 221/247 என்ற பின்னத்தைச் சுருக்கித் தரச் சொல்கிறாள் மகள். 2, 3, 5 எதிலும் வகுபடவில்லை. சுருங்காது என்று சொல்லிவிடலாமா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: சொல்லிவிடாதீர்கள், நாளைக்கு வகுப்பில் உங்கள் மானம்தான் கப்பலேறும்! 247-இல் 221-ஐக் கழியுங்கள்: 26. இரண்டுக்கும் பொதுவான காரணி எதுவானாலும் அது 26-ஐயும் வகுத்தாக வேண்டும். 26-இன் பகாக் காரணிகள் 2, 13. இரண்டு ஆகாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், மிச்சம் 13. 221 = 13 × 17, 247 = 13 × 19. பதின்மூன்றை அடித்தால் 17/19. மேலும் கீழும் பகா எண்கள். இனி யார் வந்தாலும் சுருங்காது.

ஆனால் உங்கள் ஊர் தோல் ஊராயிற்றே, இந்தச் சுருக்கும் பாடத்தைத் தோல் கிடங்கில் மட்டும் நடத்திவிடாதீர்கள். தோலின் பின்பக்கத்தில் 6-க்கு மேலே பொடியாக ஒரு 2 இருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளை 36 என்பாள். தோல் வியாபாரத்தில் அது ஆறு சதுர அடியும் 2/4-ம். வாத்தியார் பார்த்தால் அரை என்று திருத்திவிடுவார். திருத்தினால் தொலைந்தது: எல்லாம் கால் கணக்கில் இருப்பதால்தான் மேலே உள்ள பொடி எண்களைத் தனியே கூட்டி, நாலால் வகுத்து, முழு எண்களின் கூட்டலோடு சேர்த்து, தோல் கட்டின் மொத்த அளவைச் சட்டென்று சொல்ல முடிகிறது.