பாடும் மீனுக்கு நெஞ்செலும்பு உண்டா?

கேள்வி: வாவியில் வீச்சுவலை எறியும் என் தம்பிக்கு, நெஞ்சும் வயிறும் சேருமிடத்தில் கட்டிபோல ஒன்று தட்டுப்படுகிறதாம். பயப்பட வேண்டுமா? நம்மூர்ப் பாடும் மீனுக்கும் நெஞ்செலும்பு உண்டா?
– ஒரு வாசகி, கல்லடி

பதில்: மீனுக்கு இல்லை. பாட்டுக்கு அது வேண்டாம், வலை எறியத்தான் வேண்டும்! தம்பியின் கை முழுவதும் உடற்கூட்டோடு எலும்புக்கு எலும்பாய்ப் பொருந்துவது ஒரே இடத்தில்தான்: காறை எலும்பு நெஞ்செலும்பின் உச்சியைத் தொடும் மூட்டு. மற்றதெல்லாம் தசைகளின் பிடி. அந்தச் சின்ன மூட்டுக்குள் மெத்தையாக ஒரு குருத்துத்தட்டு. எத்தனை ஆயிரம் வீச்சுகளை அது தாங்குகிறது!

நெஞ்செலும்பு மூன்று துண்டு. தொண்டைக்குழியிலிருந்து விரலைக் கீழே ஓட்டுங்கள். ஒரு மேடு தட்டும். மேல்துண்டும் நடுத்துண்டும் சேருமிடம் அது. அதன் இருபுறமும் இரண்டாவது விலா; மருத்துவர்கள் விலா எண்ணத் தொடங்குவது அங்கேதான். கடைசித் துண்டு இளமையில் குருத்தெலும்பு. பெரும்பாலும் 40 வயதையொட்டியே எலும்பாக இறுகும். அதைத் தடவிப் பார்த்துக் கட்டியென்று கலங்குவோர் பலர். தம்பி தொட்டதும் அதுவாகவே இருக்கலாம். ஆனாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வாவிக்கரையில் வாழ்வோர் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். நீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சூதி, பிறகு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியை அழுத்துங்கள்; அந்தக் கடைசி நுனியை அல்ல. பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பக்கத்தில் நிற்பவர் உடனே 1990 ஆம்புலன்ஸை அழைக்கட்டும்.